வாசகர் கேள்வி – பதில்: ஹரிக்கேன் ஓட்டிய கதைக்காரர்

சென்ற இதழில் எழுத்தாளர் றோல்ட் டால் பற்றி ஒரு சின்னக் குறிப்புப் போட்டிருந்தோம். அதற்கு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன.

சொக்கலேட் தொழிற்சாலைக் கதை எழுதியவர் மெய்யாகவே சண்டை விமானியா? எவ்வளவு காலம் பறந்தார்?
— வாசகி, ஆரையம்பதி

மெய்தான். ஆனால் எதிரியோடு நேருக்கு நேர் மோதிய காலம் மிகச் சொற்பம். 1916 செப்டெம்பர் 13இல் வேல்ஸில், நோர்வேஜியப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஷெல் எண்ணெய்க் கம்பனி வேலையாக தாருஸ்ஸலாமில் இருந்தபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1939 நவம்பரில் நைரோபிக்குப் போய் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்தார். டைகர் மொத் என்ற இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானத்தில் 7 மணி 40 நிமிடம் பழகியதும் தனியே பறக்க விட்டார்கள். பிறகு ஈராக்கின் ஹப்பானியாவில் ஆறு மாதம் பயிற்சி. 1940 ஓகஸ்டில் அதிகாரியானார். செப்டெம்பரில் லிபியப் பாலைவனத்தில் விழுந்து மண்டையோடு உடைந்தது. 1941 ஏப்ரலில் கிரேக்கத்தில் ஹரிக்கேன் என்ற பிரித்தானியப் போர் விமானத்தை ஓட்டினார், அதன் பின் பாலஸ்தீனத்தின் ஹைஃபாவிலிருந்து சில வாரம். பழைய தலைக்காயத்தால் வந்த கடும் தலைவலி அதோடு பறப்பை நிறுத்தியது. ஆக, சண்டை என்று சொல்லக்கூடியது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதத்தை வைத்துத்தான் பல வருடம் எழுதினார்.

ஒரு இடத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டேன் என்கிறார், இன்னொரு இடத்தில் தரையிறங்கும்போது விபத்து என்கிறார். பிள்ளைகள் கேட்டால் எதைச் சொல்வது?
— ஆங்கில ஆசிரியர், களுவாஞ்சிகுடி

விபத்து என்றே சொல்லுங்கள். 1940 செப்டெம்பர் 19. எகிப்தின் அபு சுவேரிலிருந்து கிளடியேற்றர் என்ற இரட்டைச் சிறகுப் போர் விமானத்தை 80ஆம் படையணியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அந்த விமானத்தில் சண்டை பிடிக்க அவருக்கு எவரும் பழக்கியிருக்கவில்லை. வழியில் ஃபூக்காவில் பெற்றோல் நிரப்பினார்கள். போகவேண்டிய தளம் மெர்சா மத்ருவுக்குத் தெற்கே என்று இடம் சொன்னார்கள். அங்கே போனால் மணல்தான், தளமில்லை. பொழுது சாய்கிறது, பெற்றோல் முடிகிறது. வேறு வழியில்லாமல் வெறும் தரையில் இறக்கப் பார்த்தார்.

இந்த இடத்தில் இயந்திரத்தைப் புரிந்துகொண்டால் மிச்சம் தானாக விளங்கும். கிளடியேற்றரின் சக்கரம் உள்ளே மடங்காது, எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கனம் முழுக்க மூக்கில் இருக்கும் எஞ்சினில். ஓட்டத்தில் சக்கரம் ஒரு கல்லில் அடித்தால் கால் நின்றுவிடும், உடம்பு நிற்காது. மூக்கு மண்ணில் குத்தும். பெற்றோல் தாங்கியோ எஞ்சினுக்கும் விமானியின் முழங்காலுக்கும் நடுவில். தாங்கி கிழிந்தால் சூடான எஞ்சின்மேல் பெற்றோல் கொட்டும். அப்படியே நடந்தது. மண்டையோடு உடைந்து, மூக்கு நசுங்கி, கண் தெரியாமல் ஊர்ந்து வெளியே வந்தார். தீயின் சூட்டில் துப்பாக்கி ரவைகள் தாமாகவே வெடித்தன. பார்வை திரும்பப் பல வாரம் பிடித்தது. பின்னர் நடந்த விசாரணையில், அவருக்குச் சொல்லப்பட்ட இடமே பிழை, இரு தரப்புப் படைகளுக்கும் நடுவிலிருந்த சூனியப் பிரதேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது.

அப்படியென்றால் 'சுட்டு வீழ்த்தப்பட்ட' கதை எங்கிருந்து வந்தது? 1942இல் அவர் வொஷிங்டன் தூதரகத்தில் விமானப்படைப் பிரதிநிதிகளில் ஒருவர். அமெரிக்கரின் அனுதாபத்தைத் தேடுவதும் அந்த வேலையில் அடங்கும். நாவலாசிரியர் சி.எஸ். ஃபோரெஸ்டர் அவரது அனுபவத்தைக் கேட்டு எழுத வந்தார். சாப்பாட்டு மேசையில் பேச்சு சரிவரவில்லை. நானே குறிப்பெழுதித் தருகிறேன் என்றார் டால். சப்பாத்து நாடா அறுந்த மாதிரிச் சின்னச் சின்ன விபரமாகப் போடு என்று மட்டும் கேட்டுக்கொண்டாராம் ஃபோரெஸ்டர். வந்த குறிப்பைக் கைவைக்காமல் அப்படியே அச்சுக்குக் கொடுத்தார். 1942 ஓகஸ்ட் 1ஆம் திகதி 'சற்றர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் 'லிபியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டேன்' என்ற தலைப்போடு வந்தது. தரகுக் கழிவு போகக் கையில் கிடைத்தது 900 டொலர். போர்க்காலத்தில் பிழையான இடம் சொல்லி ஒரு விமானத்தை எரித்த கதையை எந்தத் தூதரகமும் விற்காது. 1986இல் வந்த 'கோயிங் சோலோ' என்ற நினைவுநூலில் உள்ளதை உள்ளபடி எழுதினார். அதே நேரம், 1942 கட்டுரையைப் பொய் என்று தூக்கி எறியவும் வேண்டாம். தீ, கண் தெரியாத நிலை, ரவை வெடித்தது எல்லாம் அதிலும் உண்டு. விழுந்த காரணம் மட்டுமே மாறியது.

ஹரிக்கேன் மூக்கைச் சடாரென்று கீழே குத்தினால் எஞ்சின் நின்றுவிடுமாமே? காபரேட்டர் கோளாறா?
— கராஜ் நடத்துபவர், அக்கரைப்பற்று

சரியாகப் பிடித்துவிட்டீர்கள். ஹரிக்கேனின் மேர்லின் எஞ்சினில் இருந்தது புளோட் (மிதவை) வைத்த காபரேட்டர், அதாவது பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் பாகம். மோட்டர்சைக்கிள் கிண்ணத்தில் நீங்கள் தினமும் பார்க்கிற அதே தத்துவம், அளவுதான் பெரிது. விமானி, மூக்கை ஏற்றி இறக்கும் கட்டையைச் சட்டென்று முன்னே தள்ளினால் ஆள் இருக்கையிலிருந்து மேலே எழும்புவார் அல்லவா, பெற்றோலும் அப்படியே கிண்ணத்தின் மேற்பக்கம் ஏறிவிடும். எடுக்கும் துவாரம் கீழே. அங்கே காற்றுத்தான், எஞ்சின் திக்கும். அதே நிலை நீடித்தால் எதிர்மாறான கோளாறு வரும்: புளோட் தலைகீழாக வேலை செய்து ஊசி வால்வு திறந்தபடி நிற்க, கிண்ணம் நிரம்பி வழியும்; பெற்றோல் கூடிப்போய்க் கரும்புகை கக்கி எஞ்சின் அடங்கும். முதலாவதை விட இந்த இரண்டாவதுதான் ஆபத்து.

ஜேர்மன் போர் விமான எஞ்சின்களில் பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் முறை இருந்ததால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூக்கைக் குத்திக்கொண்டு தப்பி ஓடுவார்கள். துரத்துகிற ஹரிக்கேன்காரர் முதலில் விமானத்தைப் புரட்டி, முதுகு கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு கட்டையை இழுக்கவேண்டும். அப்போது பெற்றோல் கிண்ணத்தின் அடியிலேயே ஒட்டி நிற்கும். ஆனால் அந்தப் புரட்டலுக்குப் போகும் ஓரிரு வினாடியில் எதிரி தூரம் போய்விடுவான். 1941இல் ஃபார்ன்பரோ ஆய்வுகூடப் பொறியியலாளர் பியட்ரிஸ் ஷில்லிங் கண்ட பரிகாரம் ஒரு பித்தளைத் தட்டு. நடுவில் துவாரம், அவ்வளவுதான். எஞ்சின் முழு வலுவில் குடிக்கும் அளவுக்கு மேல் பெற்றோல் அந்தத் துவாரத்தால் போகாது, வழிவது நின்றது. விமானத்தைக் கழற்றாமலே பூட்டக்கூடியதாக இருந்தது. அந்த அம்மா மோட்டர்சைக்கிள் பந்தயக்காரியும்கூட, உங்கள் ஆள்தான்.

கிரேக்கத்தில் எத்தனை விமானத்தை வீழ்த்தினார்? ஐந்து என்கிறார்கள், நம்பலாமா?
— வாசகர், ஏறாவூர்

கிரேக்கத்திலும் பாலஸ்தீனத்திலுமாகச் சேர்த்து ஐந்து. பிற்கால ஆய்வாளர்கள் எதிர்த்தரப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டு அதை ஏற்றிருக்கிறார்கள். கிரேக்கத்தில் தெளிவானவை 1941 ஏப்ரல் 15, 16ஆம் திகதிகளில் விழுந்த இரண்டு யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்கள். ஏப்ரல் 20இல் ஏதென்ஸ் நகரின் மேல் நடந்த பெரும் சண்டையில்தான் கணக்குக் குழம்புகிறது. டாலின் கணக்கில் ஹரிக்கேன்கள் 12. ஐந்து விழுந்தன, நால்வர் மாண்டார்கள். பொதுநலவாய விமானிகளில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியவராகக் கருதப்படும் பட் பட்டில் அன்றுதான் போனார். தரையில் நின்ற கிரேக்கர் 22 ஜேர்மன் விமானம் விழுந்ததாக எண்ணினார்கள். எதை யார் சுட்டது என்று மேலே இருந்த எவருக்கும் தெரியாது.

அது ஏன் தெரியாமல் போனது? ஹரிக்கேனில் எட்டு பிரவுணிங் துப்பாக்கி, சிறகுக்கு நான்கு. விசையை அழுத்தியே வைத்திருந்தால் 15 வினாடி அளவில் ரவை முழுக்கத் தீரும். ஆகவே இரண்டு வினாடி, மூன்று வினாடியாகத்தான் சுடுவார்கள். சுட்டதும் விலக வேண்டும். விலகாமல் நின்று அடிபட்டவன் விழுகிறானா என்று பார்த்தால், பின்னால் வருகிறவன் உங்களைச் சுடுவான். கிரேக்கத்திலிருந்து பின்வாங்கிய அவசரத்தில் படையணிகளின் ஏடுகளும் அழிந்தன. பட்டிலின் சரியான எண்ணிக்கை இன்றுவரை விவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். நூறு, இருநூறு என்று உறுதியாகச் சொல்லும் யூடியூப் காணொளிகளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கல்லடிக் கடலில் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கியபோது டால் இலங்கையில் இருந்தாரா?
— உயர்தர மாணவர், மட்டக்களப்பு

இல்லை. 1941இலேயே அவரது பறப்பு முடிந்துவிட்டது. அவர் ஓட்டிய அதே ரக ஹரிக்கேன்கள் மட்டும் இங்கே இருந்தன. 261ஆம் படையணி திருகோணமலை சீனக்குடாவில் நின்றது. 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானியர் அங்கே குண்டு போட, அந்தச் சண்டையிலேயே ஹரிக்கேன்கள் சிக்கிக்கொண்டன. முதல்நாள் இரவே திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்திருந்த பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ், விமானந்தாங்கியாக இருந்தும் தன் விமானங்களைத் தரையில் விட்டுவிட்டு வந்தது. ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது. காலை பத்தரை மணிக்குப் பிறகு தாக்குதல் தொடங்கி, பதினொன்றுக்குள் கப்பல் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் போனது. வைத்தியசாலைக் கப்பல் வீட்டா அறுநூறு பேரளவில் காப்பாற்றியது.

சீனக்குடாவிலிருந்து மட்டக்களப்புக்கு ஆகாய வழி ஏறக்குறைய 105 கிலோமீற்றர். ஹரிக்கேனுக்கு இருபது நிமிடம்கூட இல்லை. அந்த இருபது நிமிடத்தைத் தூரம் தடுக்கவில்லை. தளம் அடிபட்டுத் தொடர்பு அறுந்ததே தடுத்தது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஃபுல்மார் போர் விமானங்கள் வந்தபோது ஹேர்மிஸ் மூழ்கிவிட்டிருந்தது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐரோப்பாவில் பழகிய விமானிகள் ஜப்பானியரின் சீரோ போர் விமானத்தோடு வட்டமடித்துச் சண்டை பிடிக்கப் பார்த்தார்கள். சீரோ கனம் குறைந்தது, மிகச் சிறிய வட்டத்தில் திரும்பும். அதனோடு சுற்றினால் இரண்டு மூன்று சுற்றில் அது உங்கள் முதுகில். மேலிருந்து பாய்ந்து, ஒருமுறை சுட்டு, வேகம் குறையாமல் விலகி ஓடுவதே கனமான விமானத்துக்கு வழி.

போர் விமானியின் நினைவுநூலை எப்படிப் படிப்பது? டாலில் எதிலிருந்து தொடங்க?
— நூலகர், திருக்கோவில்

மூன்று வகை எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முதலாவது பறப்பு ஏடு. திகதி, விமான ரகம், அதன் இலக்கம், ஓட்டியவர், கூட இருந்தவர், என்ன வேலை, எத்தனை மணி எத்தனை நிமிடம், பகலா இரவா — கட்டம் கட்டமாக இருக்கும். மாத முடிவில் கூட்டி, மேலதிகாரி ஒப்பமிடுவார். அங்கே வீரம் பேச இடமில்லை. இரண்டாவது கடிதம். டால் தன் தாய்க்கு எழுதிய 600க்கும் மேற்பட்ட கடிதங்களை அந்தத் தாய் ஒன்றுவிடாமல் கட்டிவைத்திருந்தார். அவர் இறந்த பிறகே மகனுக்குத் தெரியும். ஆனால் படைத் தணிக்கையும், அம்மா பயந்துவிடுவாளே என்ற எண்ணமும் கடிதத்தைப் பூசி மெழுகும். மூன்றாவது நூல், நிகழ்ந்து பல வருடம் கழித்து வருவது. திகதிக்கும் மணிக்கும் ஏட்டை நம்புங்கள், அன்றைய மனநிலைக்குக் கடிதத்தை. நூலில் உரையாடல் சொல்லுக்குச் சொல் வந்தால், அது கதைக்காரரின் கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க 'கோயிங் சோலோ' போதும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதன்பின் 'ஓவர் டு யூ', 1946இல் வந்த பத்துக் கதைகள். கிரேக்கச் சிறுமி ஒருத்தியைப் படையணி தத்தெடுக்கும் 'கற்றீனா'வை முதலில் படியுங்கள். ஏதென்ஸில் அவர் கண்டதை அறிந்த பிறகு அந்தக் கதை இன்னும் கனக்கும்.

அவர் யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசினாராமே?
— வாசகர், கல்முனை

பேசினார், 1983இல் பேட்டியாகவே வந்தது. நியாயப்படுத்த ஒன்றுமில்லை. குடும்பத்தினர் 2020இல் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்கள்.

கிரெம்ளின் (gremlin) என்பது அவர் கண்டுபிடித்த பூதமா?
— எட்டாம் வகுப்பு மாணவி, வாழைச்சேனை

இல்லை மகள், விமானப்படையில் முன்பே புழங்கிய பேச்சு அது. காரணம் தெரியாமல் எஞ்சின் திக்கினாலோ, கம்பி அறுந்தாலோ பழியைக் கிரெம்ளின் தலையில் போடுவார்கள். டால் அதைக் கதையாக்கினார். வோல்ட் டிஸ்னி படமெடுக்க முயன்று கைவிட்டார், புத்தகம் மட்டும் 1943இல் வந்தது. சிறுவருக்காக அவர் எழுதிய முதல் நூல் அதுதான். கதையில் கிரெம்ளின்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: அவை குடியிருந்த காட்டை வெட்டித்தான் விமானத் தொழிற்சாலை கட்டினார்களாம்.