ஃப்ளைட் சிமுலேட்டரில் வரும் போர் விமானங்கள் நிஜ விமானத்தோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன? நம் விமானப்படையின் மிக், சுகோய் மாடல்களை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் "மிக்-21 இருக்கிறதா" என்று கேட்டு வாங்காதீர்கள், "எந்த மிக்-21" என்று கேளுங்கள். இதை எனக்குப் புரியவைத்தவர் என் பெரியப்பா.

அவருக்கு ஊர் கம்மவான்பேட்டை. வேலூருக்குப் பக்கம்தான். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் மிலிட்டரி பேட்டை என்றே சொல்லுவோம். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பைப் பழுது பார்ப்பவராக இருந்தவர், சர்வீஸில் பாதிக்கு மேல் மிக்-21 ஸ்குவாட்ரன்களில். ஒரு பொங்கலுக்கு வந்தவரிடம் டிசிஎஸ் என்ற கம்ப்யூட்டர் போர் விமான சிமுலேட்டரைப் போட்டுக் காட்டினேன். மிக்-21, மேலே நம் விமானப்படை பெயின்ட், வாலில் மூவர்ணம். "பைசன், பெரியப்பா" என்றேன் பெருமையாக. மிக்-21ஐ நம் விமானப்படைக்காக மேம்படுத்திய ரகம் அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்து நொடி பார்த்தார். "பைசன்னு சொல்ற, முன்னாடி கண்ணாடில இன்னாடா சட்டம்?"

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். டிசிஎஸ்ஸில் இருப்பது மிக்-21பிஸ். அதன் முன்கண்ணாடி நடுவில் ஒரு தட்டைக் கண்ணாடியும் இரு பக்கமும் சட்டமுமாக இருக்கும். பைசனாக மேம்படுத்தியபோது சட்டத்தை எடுத்துவிட்டு ஒரே வளைவான கண்ணாடி போட்டார்கள். உள்ளே கோப்யோ ரேடார் வந்தது, ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் வந்தன. யாரோ ஒரு பையன் வரைந்த பெயின்ட்டை மேலே ஏற்றியதால் இதெல்லாம் வந்துவிடுமா? ஆம்பூர் பிரியாணி என்று போர்டு வைத்துவிட்டு உள்ளே பாசுமதியைப் போட்ட கதைதான்.

பெரியப்பா அதோடு விடவில்லை. மவுஸை வாங்கி மூக்கைத் திருப்பிப் பார்த்தார். பிட்டாட் குழாய், அதாவது காற்றின் வேகம் அளக்கும் அந்த நீட்டுக் கம்பி, வலப்பக்கம் தள்ளி இருந்தது. பிஸ்ஸுக்கு அது சரி. அவர் முதலில் வேலை பார்த்த எஃப்எல் ரகத்தில் குழாய் மூக்கின் மேலே நடுவில் இருக்குமாம். எஃப்எல்லுக்கு உள்ளேயே பொருத்திய பீரங்கி கிடையாது, வயிற்றுக்குக் கீழே தனியாகக் கட்ட வேண்டும். முதுகும் ஒல்லி. பிஸ்ஸின் முதுகு எரிபொருள் ஏற்றிப் பருத்தது.

சரி, கண்ணாடியும் கம்பியும் போகட்டும், பறப்பதற்கு என்ன என்று கேட்பீர்கள். பறப்பதில்தான் அதிகம் இருக்கிறது. எஃப்எல்லின் ஆர்-11 எஞ்சின் ஆஃப்டர்பர்னரோடு (பின்பக்கம் கூடுதல் எரிபொருளை எரித்துத் தள்ளுவது) சுமார் 6,200 கிலோ உந்துவிசை தரும். பிஸ்ஸின் ஆர்-25 சுமார் 7,100. தாழ்வான உயரத்தில் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் அதையும் தாண்டித் தள்ளும் அவசர நிலை ஒன்றும் அதற்கு உண்டு. பிஸ்ஸுக்கு எஃப்எல் பெயின்ட் பூசி 1971 டாக்கா மிஷன் ஓட்டினால், அன்றைய விமானியிடம் இல்லாத எஞ்சினோடு நீங்கள் ஜெயிக்கிறீர்கள்.

அமெரிக்க எஃப்-16லும் இதே வம்புதான். அதில் ரகங்களை பிளாக் எண் போட்டுப் பிரிப்பார்கள். டிசிஎஸ்ஸில் இருப்பது பிளாக் 50, ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின். அதற்குக் காற்று அதிகம் வேண்டும் என்பதால் கீழே வாய் அகலம். பாகிஸ்தானிடம் இருக்கும் பிளாக் 52 பிராட் அண்ட் விட்னி எஞ்சின் கொண்டது, வாய் சின்னது. பாகிஸ்தான் பெயின்ட் அடித்த பிளாக் 50 பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அப்படியொரு விமானம் அவர்களிடம் இல்லை. அமெரிக்காவின் இன்னொரு போர் விமானமான எஃப்-18 ஹார்னெட்டில் இன்னும் சுலபம்: காற்று வாய் உருண்டையாக இருந்தால் பழைய சி ரகம், சதுரமாக இருந்தால் சூப்பர் ஹார்னெட்.

நான் காசு விட்டது சுகோயில். பழைய சிமுலேட்டர் ஒன்றுக்கு "சு-30எம்கேஐ", அதாவது நம் விமானப்படையின் சுகோய் ரகம், என்று விற்ற ஆட்-ஆனை (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமானம்) வாங்கினேன். யார் செய்தது என்பது வேண்டாம். பழைய சு-27 உடம்பில் கேனார்ட் என்ற முன்பக்கச் சிறு இறக்கையை ஒட்டிவைத்திருந்தார்கள். முன்சக்கரம் ஒற்றை. எம்கேஐக்கு இரட்டைச் சக்கரம். எஞ்சின் பின்வாய் திரும்பவே இல்லை. நிஜ எம்கேஐயில் திரும்பும். எஞ்சினை அணைத்து நிறுத்தினால் ஹைட்ராலிக் அழுத்தம் போய் அந்த வாய் கீழ்நோக்கித் தொங்கிவிடும். 2020-ல் தஞ்சாவூரில் எம்கேஐ விமானங்களோடு 222 ஸ்குவாட்ரன் தொடங்கியபோது வந்த படங்களையும் என் ஆட்-ஆனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நொந்துபோனேன். சீனாவுக்குப் போன எம்கேகேயில் கேனார்டும் இல்லை, திரும்பும் வாயும் இல்லை. அதற்கும் சில இடங்களில் சு-30 என்று பொதுப்பெயர்தான் போட்டிருப்பார்கள்.

செய்பவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. வெளித்தோற்றத்தைப் படங்கள் பார்த்துச் செய்துவிடலாம். ரேடார், ஏவுகணை, மின்னணுப் போர் கருவி எல்லாம் ரகசியம். எஃப்-16 கையேடுகளை இணைய ஏலத்தில் வாங்கிக் கடத்தியதாக, சிமுலேட்டர் நிறுவனத்தில் வேலை பார்த்த ரஷ்யர் ஒருவர் மேல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. 2019-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதனால்தான் பழைய ரகங்கள் நன்றாக வருகின்றன, கையேடு வெளியே வந்துவிட்டது. பைசன், எம்கேஐ போன்றவற்றின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஊகம்தான்.

என் யோசனை: விளம்பரத்தில் ரகம், பிளாக், வருடம் மூன்றும் போட்டிருந்தால் வாங்குங்கள். வெறும் "மிராஜ் 2000" என்றிருந்தால் தள்ளிவையுங்கள். டிசிஎஸ்ஸில் உள்ள மிராஜ் பிரெஞ்சுப் படையின் 2000சி. நம்முடையது 2000எச், பிறகு மேம்படுத்தியதில் ரேடாரும் காக்பிட் திரைகளும் மாறின. தெரிந்தே வாங்கினால் வருத்தமில்லை. மிக்-21பிஸ்ஸை நான் இன்னும் ஓட்டுகிறேன், பெயரை மட்டும் சரியாகச் சொல்லி. பெரியப்பா வரும்போதெல்லாம் எஞ்சின் ஸ்டார்ட் மட்டும் செய்யச் சொல்வார். டேக்ஆஃப் வரை பொறுமை கிடையாது. "அது பைலட் வேலை" என்று எழுந்து போய்விடுவார்.