22 மாதம், பேச்சு இல்லை: ஆட்டிசமா, பேச்சுத் தாமதமா?

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். 'அம்மா', 'பா' தவிர எதுவும் பேசவில்லை. எம்-சாட் கேள்விகளுக்கு இணையத்தில் பதில் போட்டதில் 5 மதிப்பெண் வந்தது. "உன் புருஷனே மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். இது ஆட்டிசமா?

பதில்: அந்த 5-ஐப் பார்த்ததும் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கும். எம்-சாட், ஆட்டிசச் சந்தேகம் உண்டா என்று பார்க்க, 16 முதல் 30 மாதக் குழந்தைகளின் பெற்றோரிடம் கேட்கும் 20 கேள்விகள். அது சல்லடைதான், தீர்ப்பு இல்லை. 3 முதல் 7 வரை வந்தால், சந்தேகம் எழுந்த கேள்விகளை மட்டும் மருத்துவர் உங்களிடம் விவரமாக மறுபடி கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2014-இல் வெளியான ஆய்வில், அந்த இரண்டாம் சுற்றிலும் சந்தேகம் தீராத குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஆட்டிசம். ஆனால் 100-க்கு 95 பேருக்கு வளர்ச்சியில் ஏதோ ஒரு தாமதமோ கவனிக்க வேண்டிய குறையோ இருந்தது. அதனால் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சு மட்டும் தாமதமான குழந்தை பெரும்பாலும் விரலாலும் கண்ணாலும் பேசும். ஜன்னலில் காக்கா உட்கார்ந்தால் விரலை நீட்டும். உடனே திரும்பி, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கும். பிஸ்கட் வேண்டும் என்று காட்டுவது வேறு, இது வேறு. ஆட்டிசத்தில் இந்தப் பகிர்தல்தான் குறையும். உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் டப்பா மேல் வைக்கும், முகத்தைப் பார்க்காது. உட்காருவது, நடப்பது, விளையாட்டு என எல்லாமே பின்தங்கினால் பொதுவான வளர்ச்சித் தாமதமா என்று பார்ப்போம். சில குழந்தைகளுக்கு ஆட்டிசமும் இந்தத் தாமதமும் சேர்ந்தே இருக்கும்.

காதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறானே என்று நினைக்காதீர்கள்; சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். முறையான செவித்திறன் சோதனை கட்டாயம்.

மாமியார் சொல்வதிலும் உண்மை உண்டு, தாமதப் பேச்சு சில குடும்பங்களில் தொடர்ந்து வரும். அதற்காக மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருந்தால் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) இலவசமாகப் பார்ப்பார்கள். பேச்சுப் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. சொன்ன வார்த்தைகள் மறைந்துபோனால் அந்த வாரமே போங்கள்.

போகும்போது அவன் விளையாடுவதையும், நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்கிறான் என்பதையும் இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துப் போங்கள். புது இடத்தில் அழுகிற குழந்தையிடம், பரிசோதிக்கும் எங்களுக்குப் பாதிதான் தெரியும்.