காஞ்சிபுரம்: ஆட்சிகள் மாறிய ஆலய நகரம் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, காஞ்சியின் வரலாறு பல்லவர்களோடுதான் தொடங்குகிறதா?

பதில்: இல்லை. தொண்டைமான் இளந்திரையன் ஆண்ட கச்சியை, அதாவது காஞ்சியைப், பெரும்பாணாற்றுப்படை பாடுகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் சமுத்திரகுப்தன் தென்திசையில் வென்று விடுவித்த மன்னர்களுள் காஞ்சி விஷ்ணுகோபனும் ஒருவன் என்று அலகாபாத் தூண் கல்வெட்டு கூறுகிறது. அவனைப் பல்லவனாகவே ஆய்வாளர் கொள்கின்றனர்.

கேள்வி: சாளுக்கியர் காஞ்சியைப் பிடித்தபோது கைலாசநாதர் கோயிலை ஏன் விட்டுவைத்தார்கள்? வாதாபிக்குப் பழிதீர்க்கத்தானே வந்தார்கள்?

பதில்: பகை உண்மை. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642இல் சாளுக்கியர் தலைநகரான வாதாபியைக் கைப்பற்றினான். ஏறத்தாழ நூறாண்டு கழித்துச் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். ஆனால் நகரை அவன் அழிக்கவில்லை என்றும், ஏழைகளுக்கும் அந்தணர்க்கும் வாரி வழங்கினான் என்றும், அன்று இராசசிம்மேச்சுரம் எனப்பட்ட கைலாசநாதர் கோயிலின் பொற்குவியலைக் கோயிலுக்கே திருப்பியளித்தான் என்றும் அவன் மகன் வெளியிட்ட வக்கலேரிச் செப்பேடு சொல்கிறது. மகன் தந்தையைப் புகழ்வது இயல்பே என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அக்கோயிலின் தூண் ஒன்றிலேயே இச்செய்தி கன்னடத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கருணை என்று மட்டும் கொள்வது பொருந்தாது என்பது என் கருத்து. பகைவன் தலைநகரில், அவன் முன்னோன் எடுத்த கோயிலில், தன் மொழியில் தன் கொடையை எழுதிவைப்பது வெற்றித்தூண் நாட்டுவதைவிட வலுவான செயல். கோயிலை இடித்திருந்தால் எழுதுவதற்கு இடமே இருந்திருக்காது. பின்னர் அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விரூபாட்சர் கோயிலில் கைலாசநாதர் கோயிலின் சாயலைக் காணலாம். காஞ்சியை வென்றவர் பலரும் இவ்வாறே அதன் புரவலராகத் தம்மைக் காட்டிக்கொள்ள விரும்பினர்.

கேள்வி: பல்லவ மன்னன் ஒருவனை மக்களே தேர்ந்தெடுத்தார்கள் என்கிறார்களே?

பதில்: இரண்டாம் நந்திவர்மனைப் பற்றிய செய்தி அது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி இறந்தபின், கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்த கடிகையார் உள்ளிட்ட நகரத்துப் பெரியோர் பல்லவரின் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் சென்றனர் என்பதையும், மூத்த பிள்ளைகள் தயங்கியபோது ஏறத்தாழ பன்னிரண்டு வயதுச் சிறுவனான பல்லவமல்லன் (அவனே இரண்டாம் நந்திவர்மன்) உடன்பட்டான் என்பதையும் வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரின் சிற்பங்களும் அவற்றின் கீழுள்ள எழுத்துகளும் காட்டுகின்றன. தேர்ந்தெடுத்தவர்கள் பெரியோரேயன்றிக் குடிமக்கள் அனைவரும் அல்லர். ஆயினும் கடிகையார் அரசுரிமையில் பங்குகொண்டது கவனிக்கத்தக்கது. கதம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் கல்வி தேடி வந்ததும் காஞ்சிக் கடிகைக்குத்தான்.

கேள்வி: பௌத்தமும் சமணமும் இங்கே எவ்வளவு வேரூன்றியிருந்தன?

பதில்: 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங், இந்நாட்டில் சுமார் 100 பௌத்தப் பள்ளிகளும் 10,000 துறவிகளும் இருந்ததாகக் குறிக்கிறார். பௌத்தச் சின்னங்களுள் இன்று எஞ்சியவை மிகச் சிலவே. சமணம் அவ்வாறு மறையவில்லை. திருப்பருத்திக்குன்றத்து வர்த்தமானர் கோயிலில் 1387இல் சங்கீத மண்டபம் எடுப்பித்தவர் விஜயநகர அமைச்சரான இருகப்பர்.

கேள்வி: பல்லவருக்குப்பின் காஞ்சி முக்கியத்துவம் இழந்ததா?

பதில்: தலைநகர் என்ற நிலை தஞ்சைக்குப் போனாலும் மதிப்புக் குன்றவில்லை. தக்கோலப் போரில் சோழரை வென்ற இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' என்று பட்டம் சூடியபோது கச்சியையே முதலில் வைத்தான். சுந்தர சோழர் உயிர்நீத்ததும் காஞ்சிப் பொன்மாளிகையில்தான். கிருஷ்ணதேவராயர் 1509இல் ஏகாம்பரநாதர் கோயிலின் தெற்கு இராசகோபுரத்தை எழுப்பினார். 1514இல் வரதராசர் கோயிலின் புண்யகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார்.

கேள்வி: முகலாயர் காலத்தில் திருமேனிகள் வெளியூர் சென்றது உண்மையா?

பதில்: உண்மை. முகலாயப் படைக்கு அஞ்சி 1688இல் வரதராசர் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் அதைத் திருப்பித்தர அவ்வூர்ப் பாளையக்காரர் மனமில்லாதிருந்தார். ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்ற தோடர்மால் என்ற அதிகாரி தலையிட்டபின் 1710இல் பெருமாள் காஞ்சிக்குத் திரும்பினார். தங்கக் காமாட்சி மட்டும் திரும்பவில்லை. தஞ்சாவூர் மேலவீதியில் பங்காரு காமாட்சியாகக் கோயில்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வழிபாடு செய்துவந்த அர்ச்சகர் குடும்பத்தில் பிறந்தவரே கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான சியாமா சாஸ்திரிகள்.