லண்டன் தவிர்த்து, பழைய சந்தை ஊர்களைப் பார்க்க இங்கிலாந்தில் எந்தப் பகுதிக்குப் போகலாம்?

லீட்ஸில் வேலை, கார் கிடையாது, ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், லண்டன் பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், கால்டர்டேல் போங்கள். மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள பரோ, அதாவது ஒரு உள்ளாட்சிப் பகுதி அது. லீட்ஸிலிருந்து பிராட்ஃபோர்ட் வழியாக மான்செஸ்டர் விக்டோரியா போகும் ரயிலில் ஏறினால் ஹாலிஃபாக்ஸ், ஹெப்டன் பிரிட்ஜ், டாட்மார்டன் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும்.

இந்த ஊர்கள் எல்லாவற்றையும் உண்டாக்கியது துணிதான். மேட்டு நிலத்தில் பயிர் சரியாக விளையாது. ஆனால் மழைக்குக் குறைவில்லை. ஓடைத் தண்ணீர் கம்பளி அலச ஏற்ற மென்மையான தண்ணீர். அதனால் வீட்டுக்கு வீடு தறி போட்டு நெய்தார்கள். அந்தத் துணியை விற்க ஹாலிஃபாக்ஸில் கட்டியதுதான் பீஸ் ஹால். 1779 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். பெரிய முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வரிசை, முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அறைகள். இடம் சரிவானது என்பதால் ஒரு பக்கம் இரண்டு அடுக்கு, எதிர்ப்பக்கம் மூன்று அடுக்கு. வாரத்தில் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மட்டுமே வியாபாரம். தொடங்கவும் முடிக்கவும் மணி அடிப்பார்கள். அப்புறம் ஆலைகள் வந்தன, கைத்தறி வியாபாரம் படுத்தது, 1871 முதல் நூறு வருடம் காய்கறி மொத்தச் சந்தையாகவும் இருந்தது. புதுப்பித்து 2017இல் மறுபடி திறந்தார்கள். அப்பா அம்மாவை முற்றத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மேல் அடுக்கை ஒரு சுற்று சுற்றி வரலாம். கோடையில் கச்சேரி நடக்கும் நாட்களில் முற்றத்துக்கு டிக்கெட் கேட்பார்கள், தேதி பார்த்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 1896இல் திறந்த பரோ மார்க்கெட். கண்ணாடிக் கூரைக்குக் கீழே, குவிமாடத்துக்கு நேராக நிற்கும் கடிகாரத்தைத் தவறவிடாதீர்கள். கிபெட் தெருவில் பழைய தலைவெட்டும் பொறியின் நகல் ஒன்று நிற்கிறது. பதின்மூன்றரைப் பென்ஸ் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே மரண தண்டனை என்பது ஹாலிஃபாக்ஸின் பழைய சட்டம். நெய்த துணியை வெளியில் காயப்போட்டுத்தான் ஆகவேண்டும். திருட்டுக்கு அவ்வளவு பயந்தார்கள். கடைசியாக அந்தப் பொறியின் கத்தி விழுந்தது 1650இல்.

ஹெப்டன் பிரிட்ஜில் 1510 வாக்கில் கட்டிய கல் பாலம் இருக்கிறது. பொதிக்குதிரைகள் துணி மூட்டையோடு கடந்த பாலம், இன்றும் அதன் மேல் நடக்கலாம். எனக்கு அதைவிடப் பிடித்தது மலைச்சரிவில் உள்ள வீடுகள். தட்டையான இடம் இல்லாததால் ஒரு வீட்டின் தலையிலேயே இன்னொரு வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். கீழ் வீட்டுக்காரருக்கு வாசல் பள்ளத்துத் தெருவில், மேல் வீட்டுக்காரருக்கு வாசல் பின்னால் மேட்டுத் தெருவில். சுவரெல்லாம் ஆலைப் புகையில் கறுத்த கல். மேலே ஹெப்டன்ஸ்டால் கிராமத்துக்குச் செங்குத்தான கல் பாதை உண்டு, ஆனால் பெரியவர்களோடு பஸ்ஸில் போவதே நல்லது. 1847 புயலில் சேதமான பழைய தேவாலயமும் அதற்குப் பதிலாகக் கட்டிய புதியதும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன.

பெரும்பாலோர் ஹெப்டன் பிரிட்ஜோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அடுத்த ஸ்டேஷன் வரை போங்கள். டாட்மார்டன் டவுன் ஹால் 1875இல் திறந்தது. அடியில் ஓடை ஓடுகிறது. அந்த ஓடைதான் அன்று லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் எல்லை. ஒரே கட்டடம் பாதி இந்த மாவட்டம், பாதி அந்த மாவட்டம். எல்லையை 1888இல்தான் மாற்றினார்கள். எதிர்ச்சாரியில் நின்று முகப்பின் உச்சி முக்கோணத்தைப் பாருங்கள்: நடுவில் இரண்டு பெண்கள், இரண்டு மாவட்டங்களுக்கும் அடையாளமாக. ஒருத்தி பக்கம் பருத்தி நூற்பும் நெசவும், மற்றவள் பக்கம் கம்பளியும் வேளாண்மையும். இந்தப் பள்ளத்தாக்கின் கதை முழுவதும் அந்த ஒரு சிற்பத்தில் இருக்கிறது. நான் எத்தனை பேரைக் கூட்டிப்போனாலும் முதலில் நிறுத்துவது அங்கேதான். பக்கத்திலேயே 1879இல் கட்டிய மார்க்கெட் ஹால். ஊருக்குள் ஆங்காங்கே கீரையும் மூலிகையும் வளர்த்த பாத்திகள் தெரியும். 2008இல் ஊர்க்காரர்கள் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

ஸ்டூட்லி பைக் என்ற நினைவுத்தூண் மலை உச்சியில் தெரியும், 37 மீட்டர் உயரம். ஏற்றம் கடினம், பெரியவர்களுக்கு வேண்டாம். ஹாலிஃபாக்ஸின் வெயின்ஹவுஸ் கோபுரமும் அப்படித்தான், 403 படி. திறப்பதும் சில நாட்கள்தான். இரண்டையும் கீழிருந்து பார்த்தாலே போதும். இரண்டாவது நாள் கிடைத்தால் ஷிப்டன் ஹால் போங்கள். 1420 வாக்கில் கட்டிய மர வீடு. அங்கே வாழ்ந்த ஆன் லிஸ்டர் என்ற நிலவுடைமைப் பெண்மணி எழுதிய நாட்குறிப்பு ஐம்பது லட்சம் சொற்கள் வரும், அதில் ஒரு பகுதி அவரே உருவாக்கிய ரகசிய எழுத்தில். ஸ்டேஷனிலிருந்து அங்கே போக மேடு ஏற வேண்டியிருக்கும், டாக்ஸி எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையானாலும் மழைக்கோட்டு கையில் இருக்கட்டும்.