பழைய டிராக்டரில் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் எடுக்கவில்லை என்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மூன்று வாரம் நிறுத்தி வைத்திருந்த பழைய டிராக்டரில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் எடுக்கவில்லை, எஞ்சினுக்குள் டீசலை அழுத்திப் பீய்ச்சும் பம்பைக் கழற்றிக் கடைக்கு அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அவசரப்பட்டுப் பம்பைக் கழற்றி, பிசான (இரண்டாம் போக நெல்) நடவுக்கு முன்பு நான்கு நாட்களை இழந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

எங்கள் வயல் சேரன்மகாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. கார் (முதல் போக நெல்) அறுவடை முடிந்ததிலிருந்து பிசானத்துக்குத் தொளி (சேற்று) உழவு தொடங்கும் வரை டிராக்டர் தொழுவத்தின் ஓரத்தில்தான் நிற்கும். அந்த ஆண்டு வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது, நாற்றும் பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிட்டது, வண்டியோ எடுக்கவில்லை. பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்தோம். பிறகு பம்பைக் கழற்றிக் கொடுத்தோம். பம்பில் குறை ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. மாட்டிய பிறகும் வண்டி எடுக்கவில்லை. நான்காம் நாள் வந்த ஒரு மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, செல்ஃப் அடிக்கும்போது புகை வருதா?”

நீங்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக அமுக்கப்படும்போது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில்தான் நாசில் பீய்ச்சும் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே செல்ஃப் சுற்றும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். சுற்றும் வேகமும் கம்ப்ரஷனும் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. பல நாள் நின்ற வண்டிகளில் நான் அதிகம் கண்டது இரண்டாவது வகையைத்தான்.

வேகம் குறைவாகத் தெரிந்தால் பேட்டரி டெர்மினலையும், எல்லோரும் மறந்துவிடும் எர்த் ஒயர் போல்ட்டையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இடையில் ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

புகை இல்லை என்றால், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்பதைப் பம்பின் பக்கமே போய்ப் பாருங்கள். துருப்பிடித்த கேபிளில் குமிழ் உள்ளே போயிருந்தாலும் பம்பிலுள்ள நெம்புகோல் அடைத்த நிலையிலேயே நிற்பதுண்டு. அடுத்து டேங்க் மூடியைத் தளர்த்துங்கள்; மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டீசல் இறங்காது. பிறகு டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயை அங்கே கழற்றி, டேங்க் டேப்பைத் திறந்து ஒரு வாளியில் பிடியுங்கள். குழாய் நிறைய விழ வேண்டும். நூல் போல் விழுந்தால் டேங்கின் அடியில் துருவும் சகதியும் அடைத்திருக்கின்றன.

எங்கள் வண்டியில் இருந்த குறை அதுதான், ஆனால் அது வேறொரு குறைக்குள் ஒளிந்திருந்தது. நாங்கள் பலமுறை ஏர் எடுத்தோம், அதாவது டீசல் பாதையில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம்; எடுத்ததும் சிறிது நேரம் ஓடும், பிறகு மறுபடி நின்றுவிடும். எங்கும் ஒரு சொட்டு டீசல்கூடக் கசியவில்லையே, காற்று எப்படி நுழையும் என்று நான் வாதாடினேன். அண்ணாச்சி சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்பு வரையுள்ள பகுதி உறிஞ்சும் பக்கம். டேங்க் வாய் அடைத்திருந்தால் பம்பு பலமாக இழுக்கிறது. அந்த இழுப்பில், வெளியே கசியாத மெல்லிய வெடிப்பு வழியாகவும் காற்று உள்ளே போய்விடும். ரப்பர் குழாய் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்ததை அவர் வளைத்துக் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. டேங்க் நிறைந்திருக்கும்போது வண்டி எடுத்து, பாதிக்குக் கீழே இறங்கியதும் சிரமப்பட்டால் இந்த இடத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு முழம் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

அடைப்பை நீக்கி, குழாயையும் செம்பு வாஷர்களையும் மாற்றி, ஃபில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்த பிறகு ஏர் எடுங்கள். ஃபில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பிலுள்ள கைப்பம்பை நுரை நிற்கும் வரை அடிக்க வேண்டும். கைப்பம்பு லொடலொடவென்று வேலை செய்யாமல் இருந்தால் அது கெட்டுவிட்டதாக எண்ண வேண்டாம். உள்ளே அதைத் தள்ளும் கேம் (சுழலும் மேடான பாகம்) மேட்டில் நிற்கிறது, எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் சரியாகிவிடும். அதன்பின் டீசல் பீய்ச்சும் பம்பிலுள்ள திருகையும் இதேபோல் தளர்த்திக் காற்றை எடுங்கள். கடைசியாக, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, நாசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். அந்த நேரத்தில் கையை அருகே கொண்டுபோகாதீர்கள். நாசில் பீய்ச்சும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. கியரில் இருக்கிறதா என்று பார்க்காமல், கீழே நின்றுகொண்டு ஸ்குரூடிரைவரால் செல்ஃப் மோட்டாரை நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்வதையும் அடியோடு விட்டுவிடுங்கள். வண்டி உங்கள் மேலேயே ஏறிவிடும்.

ஃபில்டர் வரை டீசல் நுரையில்லாமல் வந்தும் நாசில் குழாய்களில் எதுவும் வரவில்லை என்றால், அப்போது பம்பைக் கழற்றிக் கொடுக்கலாம். கழற்றுவதற்கு முன் பம்பின் முகப்பிலும் எஞ்சின் பக்கத்திலும் சேர்த்து ஒரே நேர்கோட்டில் உளியால் குறி போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது டைமிங் தவறாமல் இருக்க அது உதவும்.