புயல் எச்சரிக்கை வந்ததும் ஊர் என்ன செய்கிறது? கேள்வி பதில்

நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊரில் பேரிடர்க் குழுத் தன்னார்வலராக இருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில்.

5-ஆம் எண் கூண்டைவிட 7 மோசமா?

இல்லை, ரெண்டும் ஒரே தரம்தான். கூண்டு என்பது துறைமுகத்தில் ஏற்றும் அடையாளம், கப்பல்காரர்களுக்கான சேதி. துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் புயல் போனால் 5, வலப்பக்கம் விட்டுப் போனால் 6, துறைமுகத்தை ஒட்டியோ மேலேயோ கடந்தால் 7. இதே கணக்கு கடும் புயலுக்கு 8, 9, 10. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். டிவியில் எண்ணை மட்டும் அலறவிட்டால் யாருக்கு என்ன புரியும்?

ஒக்கி புயலில் எச்சரிக்கை வரவில்லையா?

அது புயல் என்று அறிவிக்கப்பட்டது 2017 நவம்பர் 30 காலையில். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஆழ்கடல் படகுகள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பிவிட்டன. அவர்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவர்கள். செல்போன் டவர் கரையோரத்தைத் தாண்டாது, வயர்லெஸ்ஸும் சில பத்து கிலோமீட்டரோடு சரி. ஆழ்கடல் படகுகளில் செயற்கைக்கோள் வழிச் சேதி வாங்கும் கருவி பொருத்தத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

கூப்பிட்டும் முகாமுக்கு ஏன் வர மறுக்கிறார்கள்?

பிடிவாதம் என்று சொல்லிவிடுவது சுலபம். 2018 நவம்பர் 15 சாயங்காலம், கஜா புயல் வருவதற்குச் சில மணி நேரம் முன்பு, மைக் கட்டிய ஆட்டோ எங்கள் தெருவை மூன்று தடவை சுற்றியது. ஒருத்தரும் அசையவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் கோயில் ஸ்பீக்கரில் "பொம்பளைங்க, புள்ளைங்க முதல்ல கிளம்புங்க" என்றதும்தான் பைகள் வெளியே வந்தன. அப்போதும் ஒரு ஆத்தா திண்ணையை விட்டு இறங்கவில்லை. "ரெண்டு ஆட்டையும் சேத்துக்குவியா தம்பி?" என்று ஒரே கேள்வி. பாதுகாப்பு மையம் தூண்கள் மேல் நிற்கும் கட்டடம். கீழே கட்டிக்கொள்ளலாம் என்றேன். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு வீடு கிளம்பியது.

வயசுப் பெண்கள் இருக்கும் வீட்டில் வேறு கவலை: கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இருக்கா, விளக்கு எரியுமா? அதைச் சரிசெய்யாமல் "வாங்க வாங்க" என்று கத்திப் பயனில்லை. ஆண்களுக்குப் படகு, இன்ஜின், வலை. அவற்றை மேட்டில் ஏற்றாமல் நகர மாட்டார்கள். அதனால் அந்த வேலையை ஒரு நாள் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

வரும் வரும் என்று ஏமாற்றினால் எப்படி நம்புவது?

2024-இல் ஃபெஞ்சல் புயலுக்கு இதைத்தான் சொன்னார்கள். புயலுக்கு முந்தைய நிலையான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே இழுத்தடித்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு நாள் மீம்தான். நவம்பர் 29-ஆம் தேதி புயலானது, 30-ஆம் தேதி இரவு புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. மீம் போட்டவரே படகு வேண்டும் என்று தன் சொந்தக்காரர் வீட்டு முகவரியைப் பகிர்ந்தார்.

காற்று நின்றதும் வெளியே வரலாமா?

திடீரென்று நின்றால் வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். அது நகர்ந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஆடிப்போய் நின்ற மரம் அப்போதுதான் சாயும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோவை எப்படிச் சரிபார்ப்பது?

தேதி, நேரம் சொல்லாத ஆடியோவை அழித்துவிடுங்கள். சந்தேகமென்றால் 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. லைன் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.