குழாயில் சுர்ரென்றால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்

சேலம் அம்மாபேட்டையில் வாங்கப் பார்த்த பழைய வீட்டில் கீசர் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது, தரகர் “பழைய வீடுன்னா அப்படித்தான்” என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியில்லைங்க. பெரும்பாலும் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் ஓட்டை விழுந்து மின்சாரம் கசியும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அது குழாய்வரை வராது. வந்தால், ஈரக்காலோடு நிற்பவரின் உயிரே போகலாம். முதலில் அந்தக் கீசரை அணைக்கச் சொல்லுங்கள்.

சூரமங்கலத்தில் அக்கா வீடு வாங்கியபோது கீசர் சுவிட்ச் பெட்டியை எலக்ட்ரீஷியன் திறந்தார். எர்த்துக்கான பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி உள்ளே செருகியிருந்தார்கள். வெளியே பளபளவென்று புது டைல்ஸ்! உங்கள் வீட்டிலும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா? அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். லோடு கூடினால் விழும் எம்சிபி சுவிட்ச் மட்டும் போதாது. அது வயரைத்தான் காக்கும், ஆளை அல்ல. எர்த் குழியின் மின்தடையையும் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலில் மண் காய்ந்தால் எர்த் பலவீனமாகிவிடும்.

ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் விரிசலில் துருக்கறை தெரிந்தால் அடியில் நிற்காதீர்கள், பொறியாளரைக் கூப்பிடுங்கள். வயரிங்கைச் சரிசெய்யும் செலவை வீட்டு விலையில் கழித்துப் பேசுங்கள்.